மதுக்கரைப் படிகளும் இமயத்துக் காற்றும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரத்தை விட்டுச் சில மைல் சென்றதுமே மதுக்கரை வந்துவிடுகிறது. சுண்ணாம்புக் கல்லுக்கும், அதை நம்பி 1930களில் அங்கே தோன்றிய சிமெண்டுத் தொழிற்சாலைக்கும் பெயர் பெற்ற ஊர் அது. ஆனால் நான் இன்று பேச வந்தது சிமெண்டைப் பற்றி அன்று. ஊரை ஒட்டி ஒரு மலை நிற்கிறது. அதன்மேல் தர்மலிங்கேசுவரர் கோயில் இருக்கிறது. பாண்டவருள் மூத்தவரான தருமர் வழிபட்ட இலிங்கம் அது என்பது அங்கே வழங்கும் கதை. படிகளின் வழியே மேலே ஏறிச் சென்று, கோயிலருகே நின்று மேற்கே நோக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டாகப் பிளந்து வழிவிட்டாற்போன்ற பாலக்காட்டுக் கணவாய் தெரியும். கோவை மாணவர்களுக்கு வீட்டுக் கொல்லையில் கிடைத்த மலைப்பள்ளிக்கூடம் என்றே நான் இதைச் சொல்லுவேன்.

நான் உடலியல் பாடம் கற்பிப்பவன். பல ஆண்டுகளாக, விடுமுறை நாட்களில் மாணவர்களோடு இம்மலையில் ஏறி வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, இம்மலையை ஆறு வாரமாக ஏறி இறங்கிப் பழகிவிட்டேன். இனி வெள்ளியங்கிரிக்குப் போகலாமா? அங்கிருந்து இமயத்துக்கே போனாலும் மூச்சு வாங்காதல்லவா?" என்றான். கேள்வியின் முதற்பாதிக்கு 'ஆம்' என்று விடை சொன்னேன். இரண்டாம் பாதிக்கு 'இல்லை' என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. ஏன் ஒன்றுக்கு ஆம், மற்றொன்றுக்கு இல்லை என்பதை விளக்குவதற்கு அன்று நேரம் போதவில்லை. அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறேன்.

முதலில் சிறிய மலை தரும் நன்மையைக் காண்போம்.

மலையேற்றத்தில் கடினமானது ஏறுவதே என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். மூச்சு வாங்குவது அப்போதுதான், வியர்ப்பதும் அப்போதுதான். ஆயினும் மறுநாட் காலையில் படுக்கையை விட்டு எழ முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோமே, அதற்குக் காரணம் ஏற்றம் அன்று, இறக்கம். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போதோ அதே தசை, உடம்பின் சுமையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. கிணற்றுக்குள் கயிறு கட்டிப் பாரத்தை இறக்குபவன், கயிற்றைச் சட்டென்று விட்டுவிடாமல் பிடித்துப் பிடித்து விடுகிறான் அல்லவா? தசையும் அவ்வாறே செய்கிறது. இழுக்கப்பட்டுக்கொண்டே இறுகும் அவ்வேலையில் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. அவ்வலி உடனே தெரிவதில்லை; ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் உச்சத்துக்கு வருகிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஒரு முறை இவ்வாறு நொந்த தசை, ஆறியபின், அதே வேலைக்கு மறுபடி அவ்வளவு நோவதில்லை. ஒரே ஓர் இறக்கத்தினால் கிடைக்கும் இக்காப்பு, சில வாரங்கள் வரையில் நிற்கிறது. தரையில் நாள்தோறும் ஐந்து மைல் ஓடுபவனுக்கும் இந்தக் காப்பு கிடையாது. படி இறங்கியவனுக்கே உண்டு. ஆகவே பெரிய மலைக்குப் போகுமுன் சிறிய மலையில் ஒரு நாள் ஏறி இறங்குவது வெறும் சம்பிரதாயம் அன்று. அந்த ஒரு நாள், முழங்காலுக்கும் தொடைக்கும் முன்கூட்டியே கட்டிவைத்த சேமிப்பு.

அடுத்தது நடையின் அளவு. இளைஞர்கள் முதல் நூறு படிகளை ஓடி ஏறுகிறார்கள். அடுத்த நூறு படிகளில் மூன்று முறை உட்காருகிறார்கள். நானும் அப்படி ஏறியவன்தான். ஒருநாள் பூக்கூடையோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியைக் கடந்து ஓடினேன். "ஏன் கண்ணு இப்பிடி ஓடறே? மலை எங்கே போயிறப் போவுது?" என்றார் அவர். நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்த இடத்தை அவர் இரண்டாம் முறை கடந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டார். உடலியல் புத்தகத்தில் உள்ளதை அவர் நடந்தே காட்டினார். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு நடுவில் அறுந்து மூச்சுக்கு வழிவிட்டால், வேகம் மிகுதி என்று பொருள். கடிகாரமும் கருவியும் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை இது.

மதுக்கரையில் இவ்விரண்டையும் கற்றவன் வெள்ளியங்கிரிக்குப் போகலாம். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்து உச்சிக்குச் செல்லும் பாதை அது. உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி. அடிவாரத்திலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 4,000 அடி ஏற்றம். முதல் மலையின் செங்குத்தான படிகளே பலரைக் களைக்கச் செய்துவிடுகின்றன. மூங்கில் தடியை ஊன்றி ஏறும் பழைய வழக்கம் எவ்வளவு அறிவுடையது என்பது இறங்கும்போது விளங்கும்; உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தோளுக்கு மாற்றி, முழங்காலைக் காப்பாற்றுகிறது அத்தடி. மகாசிவராத்திரியை ஒட்டிய மாதங்களில் மட்டுமே வனத்துறையினர் அங்கே ஏற விடுகிறார்கள். இருதய நோயும் ஆஸ்துமாவும் உடையவர்கள் ஏற வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார்கள். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அம்மலையில் மயங்கி விழுந்து உயிரிழந்தவர்களைப் பற்றி அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு, ஒரே இரவில் 4,000 அடி ஏற முற்படுவது இருதயத்தைக் கேட்காமலே அதன்மேல் கடன் எழுதுவதாகும்.

இனி கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருவோம். இதில் நான் ஏமாந்த கதையையும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பர் ஒருவரும் லடாக்கிலுள்ள லே நகரத்துக்குப் போவதென்று முடிவு செய்தோம். மூன்று மாதம் ஞாயிறுதோறும் மதுக்கரை மலையில் பழகினோம். நண்பர் கொஞ்சம் பருத்த உடம்பினர். எப்போதும் எனக்குப் பின்னால், வெகு பின்னால், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வருவார். மேலே காத்திருந்து கேலி செய்வது என் வழக்கம். புறப்படும் நாளில் எனக்கு அவரைப்பற்றித்தான் கவலை.

தில்லியில் விமானம் ஏறினோம். ஒன்றரை மணி நேரத்துக்குள் லேயில் இறங்கிவிட்டோம். சம நிலத்திலிருந்து 11,500 அடி உயரம்! வானம் கரும்பச்சை நீலமாக இருந்தது. உடம்பு இலேசாக இருப்பதுபோலவும் தோன்றியது. நண்பர் விடுதிக்குள் நுழைந்ததும், "நீங்கள் போய் வாருங்கள், எனக்கு இன்றைக்குப் படுக்கைதான்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். நான் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு மேலே 1991இல் கட்டப்பட்ட சாந்தி ஸ்தூபம் என்ற வெண்ணிறப் பௌத்தச் சின்னம் இருக்கிறது. அதற்கு ஏறிச் செல்லப் படிகள் இருக்கின்றன. மதுக்கரைப் படிகளை ஏறிய காலுக்கு இவை எம்மாத்திரம் என்று அன்று மாலையே ஏறினேன். ஏறியும் விட்டேன். அதில்தான் ஆபத்து இருந்தது.

இரவு தலைவலி தொடங்கியது. நெற்றியைக் கயிற்றால் சுற்றி இறுக்குவதுபோன்ற வலி. பிறகு குமட்டல், பிறகு வாந்தி. கண் அயர்ந்தால், மூச்சு நின்றுவிட்டாற்போலத் திடுக்கிட்டு எழுந்து உட்காருவேன். உடலியல் ஆசிரியனாகிய நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? விமானத்தில் தின்ற சிற்றுண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்! நண்பர்தாம் விளக்கை ஏற்றி, "இது மலைநோய், காலையில் எங்கும் போகக்கூடாது" என்று தடுத்தார். மறுநாள் 17,000 அடிக்கு மேலுள்ள கார்துங் கணவாய்க்குக் கார் ஏற்பாடு செய்திருந்தேன். போயிருந்தால் இந்தப் பேச்சைப் பேச நான் இருந்திருப்பேனா என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். நோய் தானே தணிந்தது. மதுக்கரையில் வெகு பின்னால் வந்த நண்பருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

இது ஏன் இவ்வாறாயிற்று? காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு பிராணவாயு, அதாவது உங்கள் பாடப்புத்தகத்து ஆக்சிஜன். இந்த விகிதம் மதுக்கரையிலும் எவரெஸ்டிலும் ஒன்றே. மாறுவது அழுத்தம். கடல்மட்டத்தில் காற்று, பாதரசத்தை 760 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துகிறது. கோவையில் அது 720ஐ ஒட்டி இருக்கும். வெள்ளியங்கிரி உச்சியில் ஏறக்குறைய 610. உதகை தொட்டபெட்டாவில், 8,650 அடியில், ஏறக்குறைய 550. லேயில் ஐந்நூறுக்கும் சற்றுக் குறைவு. 18,000 அடியில் பாதியாகிவிடுகிறது. எவரெஸ்டின் உச்சியில் மூன்றில் ஒரு பங்குதான். அழுத்தம் குறையக் குறைய, நுரையீரலிலிருந்து குருதிக்குள் பிராணவாயுவைத் தள்ளும் விசை குறைகிறது.

மலைநோய் சாதாரணமாக 8,000 அடிக்கு மேல்தான் தலைகாட்டும் என்பது மருத்துவர்கள் கண்ட அளவு. நம் தென்னாட்டிலேயே மிக உயர்ந்த ஆனைமுடி 8,842 அடிதான். எனவே மதுக்கரை மட்டுமன்று, வெள்ளியங்கிரியும் கூட இமயத்துக் காற்றுக்கு நம்மைப் பழக்க முடியாது. காலைப் பழக்கும், இருதயத்தைப் பழக்கும். காற்றின் குறைவை ஒருவன் அக்குறைவான காற்றிலேயே இருந்துதான் பழக வேண்டும்.

அப்பழக்கம் எவ்வாறு உண்டாகிறது என்பது அழகான கதை. பிராணவாயு குறைந்தவுடன் கழுத்துத் தமனியருகே உள்ள சிறிய உணர்வுறுப்பு மூளையை எழுப்ப, மூச்சு விரைகிறது. மூச்சு விரைந்தால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, குருதி காரத்தன்மை கொள்கிறது. காரத்தன்மை மூச்சுக்குக் கடிவாளம் போடுகிறது. ஒரு கை முடுக்க, மறு கை இழுத்துப் பிடிக்க, உடம்பு தடுமாறும் நாட்கள் இவை. நான் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்ததும் இதனாலேயே. பிறகு சிறுநீரகம் மிகையான காரத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. கடிவாளம் தளர்கிறது, மூச்சு நிறைகிறது. இதற்குச் சில நாட்கள் வேண்டும். சிவப்பணுக்களைப் பெருக்கும்படி எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளை சில மணி நேரத்திலேயே போய்விடுகிறது. ஆனால் அணுக்கள் பெருகி வரச் சில வாரங்கள் ஆகும். தசை வலிமையுள்ளவனுக்காகச் சிறுநீரகம் விரைந்து வேலை செய்வதில்லை. ஓடத் தெரிந்தவன் நோய்க்கு உள்ளாவதற்கும் காரணம் இதுவே: அவனால் விரைந்து ஏற முடிகிறது, ஆதலால் ஏறிவிடுகிறான்.

இவ்வறிவு எளிதில் கிடைத்ததன்று. 1875ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 'ஜெனித்' என்னும் பலூனில் பிரெஞ்சுக்காரர் மூவர் 8,000 மீட்டருக்கும் மேலே பறந்தனர். பிராணவாயு நிரப்பிய பைகளும் அவர்களிடம் இருந்தன. ஆனால் அது தேவை என்று உணர்ந்தபோது கை எழவில்லை. கீழே வந்தபோது திசாந்தியே ஒருவரே உயிரோடிருந்தார். அவர் எழுதிவைத்த குறிப்பிலிருந்து தெரிவது யாதெனில், அந்நிலையில் துன்பமே தோன்றவில்லை, ஒருவகை மகிழ்ச்சியே தோன்றியது என்பது. அவர்களுக்கு ஆலோசகராக இருந்த பால் பேர், உயரத்தில் கொல்வது பிராணவாயுவின் அழுத்தக் குறைவே என்பதை 1878இல் பெருநூலாக வெளியிட்டார்.

நம் நாட்டில் இப்பாடத்தைக் கற்றவர்கள் படைவீரர்கள். 1962இல் சீனப் படையெடுப்பின்போது, சம நிலத்தில் இருந்த வீரர்களை அவசரமாக இமயத்தின் உயரங்களுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவ்வீரர்களுள் மலைநோய் கண்டவர்களை இந்திய இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடனுழைத்தோரும் ஆராய்ந்து, 1,925 பேரைப் பற்றிய விவரங்களை 1969இல் வெளியிட்டனர். மலைநோய் பற்றி உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆராய்ச்சி அது. இளமையும் கட்டுடலும் கொண்ட வீரர்கள் அவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் உயரத்திலும் ஒரு 'மதுக்கரை' உண்டு. நேபாளத்தில் எவரெஸ்டை நோக்கிச் செல்லும் வழியில் நாம்சே பசார் என்றோர் ஊர் இருக்கிறது; உயரம் 3,440 மீட்டர். அங்கே வந்தவர்கள் மறுநாளே மேலே போவதில்லை. இரண்டாம் நாள் ஊருக்கு மேலுள்ள சரிவில் மெதுவாக நடந்து 3,800 மீட்டருக்கு மேல் ஏறி, சற்று உட்கார்ந்து, பனிமலைகளைப் பார்த்து, மாலைக்குள் நாம்சேக்கே இறங்கிவந்து தூங்குகிறார்கள். பார்ப்பவனுக்கு வீண் நடை, உடம்புக்கோ பாடம். உயர ஏறு, தாழ்ந்து உறங்கு என்பது மலையேறுவோர் விதி. பகலில் குறைந்த காற்று உடம்பைத் தூண்டிவிடுகிறது; இரவில் சற்று நிறைந்த காற்று அதற்கு ஓய்வு தருகிறது. 10,000 அடிக்கு மேல் போனபின், நேற்று உறங்கிய உயரத்தைவிட இன்று உறங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடலாகாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஓரிடத்தில் தங்க வேண்டும். இவ்வாறு வாரக் கணக்கில் பழகியதனால்தான் 1978இல் மெஸ்னரும் ஹாபெலரும் பிராணவாயுக் குப்பியின்றி எவரெஸ்டின் உச்சியில் நிற்க முடிந்தது. பழகாத ஒருவரை அங்கே கொண்டுபோய் வைத்தால் சில நிமிடங்களில் நினைவிழப்பார்.

கேதாரநாதம் 11,700 அடிக்கு மேல், அமர்நாதம் 12,700 அடிக்கு மேல். இவ்விடங்களுக்கு நம் பக்கத்திலிருந்தும் ஆண்டுதோறும் யாத்திரிகர் செல்கின்றனர். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் புறப்படும்போது கம்பளியை மறவாதீர்கள் என்று சொல்லுகிற நீங்கள், இதையும் சொல்லியனுப்புங்கள்: தலைவலி வந்தால் அது மலைநோயே என்று எண்ண வேண்டும், தணியும்வரை மேலே ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலும், நுரையோடு கோழை வந்தாலும், பேச்சுக் குழம்பினாலும், குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலும், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. அந்த இரவிலேயே கீழே இறக்க வேண்டும். மருந்தும் பிராணவாயுவும் துணை செய்யும். இறக்கத்துக்கு அவை ஈடாக மாட்டா.

மறுபடியும் மதுக்கரைக்கு வருவோம். அங்கே போக நினைக்கும் மாணவர்களுக்குச் சில செய்திகள். விடியற்காலையில் ஏறத் தொடங்கி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்; பங்குனி சித்திரையில் பாறை அடுப்பாகிவிடும். தலைக்கு ஒரு படி தண்ணீராவது கையில் இருக்கட்டும். முதல் வாரம் வெறுங்கையாக ஏறுங்கள். அடுத்த வாரங்களில் தோள்பையில் சிறிது சிறிதாகச் சுமை கூட்டுங்கள். படிப் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். மதுக்கரைக் காடு யானை நடமாடும் காடு. அவ்வழியே செல்லும் இருப்புப்பாதையில் யானைகள் அடிபடாமல் காப்பதற்காகவே, அவற்றின் வருகையைக் கண்டு முன்னறிவிக்கும் கண்காணிப்புக் கருவிகளை 2024இல் வனத்துறை அங்கே நிறுவியது. வேறு மலைகளுக்குப் போவதானால் வனத்துறையின் அனுமதியைப் பெற்றே போக வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மாண்டவர்களை நாம் மறப்பதற்கில்லை.

கேள்வி கேட்ட மாணவன் இவ்வாண்டு பங்குனியில் வெள்ளியங்கிரி ஏறி இறங்கி வந்தான். தொடை வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றான். வரும் கோடையில் அவன் இமயத்துக்குப் புறப்படுகிறான். பதினைந்து நாள் பயணத்துக்குத் திட்டம் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். அதில் மூன்று நாட்களுக்கு எதிரே 'நடை இல்லை' என்று எழுதியிருந்தான். என் நண்பரும் அவனோடு செல்கிறார். நான் மூன்று என்பதை நான்காக்கித் திருத்திக் கொடுத்தேன்.